மமானி கேட்ட ‘ஆம்’

கூட்டத்தில் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். போன மாதம் ஷார்ஜா கேம்பில் எனக்கு வழியனுப்பு வைத்து மைக்கைக் கையில் கொடுத்தார்கள். “எல்லாரும் பாத்து வேலை செய்யுங்க” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். குவைத்திலும் தோஹாவிலும் ஷார்ஜாவிலுமாக இருபத்தாறு வருஷம் சாரம் கட்டியவனின் மொத்தப் பேச்சும் அவ்வளவுதான்.

மறுநாள் எங்கள் வாட்ஸப் குழுவில் ஒரு தம்பி எழுதியிருந்தார். “அண்ணே, வாயால வரலன்னா கையால எழுதி அனுப்புங்க. மமானி கதைய ஆளுக்கு ஒரு மாதிரி சொல்றாங்க. நீங்கதான் பக்கத்துல இருந்தவரு.” இன்னொரு காரணமும் உண்டு. இனிமேல் சாரத்தில் டேக் அட்டை தொங்காதாம், எல்லாம் போனில்தானாம். அதைக் கேட்டதும் எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன். வீசா கேன்சல் ஆகி, டிக்கெட்டுக்குக் காத்துக்கொண்டு, ஷார்ஜா முவைலாவில் சிவாவின் ரூமில் உட்கார்ந்து எழுதுகிறேன். சிவா யார் என்பது இதிலேயே வரும். நான் அஞ்சாம் வகுப்பு. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேலை கற்ற காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மூன்று வருஷம் பைப்பு தூக்கினேன். நாலு வருஷம் ஸ்பேனர் பிடித்தேன். பைப்புகளைப் பிணைக்கும் கிளாம்பை ஸ்பேனரால் தட்டினால், இறுகியிருந்தால் ‘ணங்’ என்று வரும், இளகியிருந்தால் ‘டப்’ என்று வரும். படிப்பு இல்லாதவனுக்குக் காதே பள்ளிக்கூடம். அந்தக் காதுக்காகத்தான் எனக்கு டேக் எழுதும் வேலை கொடுத்தார்கள். கட்டி முடித்த சாரத்தைப் பார்த்து, ஆள் ஏறலாம் என்றால் பச்சை, ஏறக்கூடாது என்றால் சிவப்பு. அட்டையில் தேதியும் பெயரும் எழுதி, கையெழுத்துப் போட்டு, ஏணிக்கடியில் கண் மட்டத்தில் மாட்ட வேண்டும்.

குவைத்தில் ஃபஹாஹீல் பக்கம் ஓர் ஆலை. ஷட்டவுன் வேலை, அதாவது ஆலையை நிறுத்திவைத்துப் பழுது பார்ப்பது. அதற்கான சாரம் கட்டுவது மாதக்கணக்கில் முன்பே தொடங்கிவிடும். அங்கேதான் மமானி எங்களுக்குச் சேஃப்டி சூப்பர்வைசராக வந்தார். குள்ளம், அகன்ற மார்பு, செம்பு நிறம். முதல் நாள் நேபாளிகள் தங்கள் ஊர்க்காரர் என்று நினைத்து அவரிடம் நேபாளியில் பேசினார்கள். அவர் சிரித்துவிட்டு, “பொலிவியா” என்றார். அது தென் அமெரிக்காவில் இருக்கிறது என்று மறுநாள்தான் தெரிந்துகொண்டோம். அந்த நாட்டு ஆபீசுகளில் ஸ்பானிஷ் பேசுவார்களாம். இவர் ஆட்கள் அய்மாரா என்ற மலைச் சனம். நாலாயிரம் மீட்டர் உயரத்தில் ஊராம். பள்ளிக்கூடத்தில் அய்மாரா பேசினால் வாத்தியார் முட்டி போட வைப்பாராம். முட்டியில் இருந்த தழும்பை மட்டும் நான் பார்த்திருக்கிறேன்.

அவர் சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. காலையில் டீ வந்தால் முதல் மடக்கைக் குடிக்க மாட்டார். குனிந்து மண்ணில் ஊற்றுவார். மண் அம்மாவாம், அவளுக்கு முதலில். மத்தியானம் ஊருக்குப் போன் போட்டுத் தன் அக்காவிடம் பேசுவார். ஒன்றும் புரியாது. ஆனால் ஒரு வார்த்தை மட்டும் எங்கள் எல்லாருக்கும் தெளிவாகக் கேட்கும். ரெண்டு வரிக்கு ஒரு தடவை, வரியின் கடைசியில், “சிவா.”

டீயை மண்ணில் ஊற்றுகிறார், மூச்சுக்கு மூச்சு சிவா என்கிறார். அவர் சிவபக்தர் என்று கேம்பில் முடிவாகிவிட்டது. சிவராத்திரிக்கு யாரோ அவர் மேசையில் விபூதிப் பொட்டலம் வைத்துவிட்டு வந்தார்கள். அவர் அதை மோந்து பார்த்துவிட்டு, பூட்ஸுக்குப் போடும் பவுடர் என்று நினைத்துக்கொண்டார்.

எங்கள் கூட்டத்தில் ஒருத்தனுக்குத்தான் தூக்கம் போனது. அவன் பெயரே சிவா. பரமக்குடிப் பக்கத்துப் பையன். அப்போது கல்யாணமாகி ஒரு வருஷம்.

“அண்ணே, தினமும் என் பேரச் சொல்லி யார்ட்டயோ பேசுறாரு.”

“உன் பேரா இருக்காதுடா.”

“நேத்து எண்ணுனேன். பதினேழு தடவ. ஊருக்கு ஏத்தி விடப் போறாருண்ணே. நீங்க ஒரு வார்த்தை கேளுங்க.”

நான் போய்க் கேட்பதா? ரெண்டு மாதம் தள்ளிப்போட்டேன்.

அதற்குள் இன்னொரு கூத்து நடந்தது. சைட்டில் எல்லாருக்கும் பொது பாஷை ஹிந்திதான். ஹிந்தியில் ‘கல்’ என்றால் நேற்று என்றும் அர்த்தம், நாளை என்றும் அர்த்தம். ஒரு காலை மமானி எங்களிடம், “கல் வாலா கோலோ” என்றார். ‘கல்’ உள்ள சாரத்தைப் பிரியுங்கள் என்று பொருள். எந்தக் கல் என்று புரியவைக்கக் கையை முன்னால் நீட்டிக் காட்டினார். முன்னால் என்றால் வரப்போகும் நாள்தானே என்று, நாளைய வேலைக்காகப் புதிதாகக் கட்டியிருந்த சாரத்தை எட்டுப் பேர் சேர்ந்து மத்தியானத்துக்குள் பிரித்து அடுக்கிவிட்டோம். வேலை முடிந்துபோன நேற்றைய சாரம் அப்படியே நின்றது.

மமானி வந்து பார்த்தார். திட்டவில்லை. பைப்பு அடுக்கின் மேல் உட்கார்ந்துவிட்டார். அவர் ஹிந்தியும் என் ஹிந்தியும் சேர்ந்தால்தான் ஒரு முழு வாக்கியம் வரும். அவர் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

“நேத்து எங்க இருக்கு? கண்ணுக்கு முன்னாடி. பாத்தாச்சு இல்ல? நாளைக்கு எங்க இருக்கு? முதுகுக்குப் பின்னாடி. யாரும் பாக்கல. எங்க பாஷையில நய்ரா-ன்னா கண்ணு. நய்ரா-ன்னா பழசும் அதான்.”

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முன்னாடி கொத்தனாரிடம் வேலை செய்தேன், பின்னாடி பார்த்துக்கலாம் என்றுதானே நாமும் சொல்கிறோம்? போனது முன்னே, வருவது பின்னே. வாயால் அப்படிச் சொல்லிக்கொண்டு கையை மட்டும் எதிர்ப்பக்கம் காட்டுகிறோம். இதை அவரிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. எல்லாரும் போனபின் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தத் தைரியத்தில்தான் சிவா விஷயத்தையும் கேட்டேன்.

“சார், சிவா அச்சா ஆத்மி. கம்ப்ளைன்ட் மத் கரோ.” சிவா நல்ல ஆள், புகார் வேண்டாம் என்றேன்.

“கோன் சிவா?” என்றார், யார் சிவா என்று.

சொன்னேன். அவர் தொடையைத் தட்டிச் சிரித்தார். அவர்கள் பாஷையில் ‘சிவா’ என்றால் ‘அப்படிச் சொல்கிறார்கள்’ என்று அர்த்தம். கண்ணால் பார்க்காத சேதியைச் சொன்னால் கடைசியில் அதைச் சேர்க்க வேண்டும். அக்காவிடம் பேசுவதெல்லாம் ஊர்ச் சேதி. யார் யாரோ சொன்னது. அதனால் வரிக்கு வரி சிவா. அது மட்டுமல்ல. ‘ஹுதானா’ என்றால் வந்தான், நான் பார்த்தேன். ‘ஹுததய்னா’ என்றால் வந்தான், நான் பார்க்கவில்லை. எதையும் வாய் திறந்து சொல்வதற்கு முன் பார்த்தாயா, கேட்டாயா என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். பார்க்காததைப் பார்த்த மாதிரி சொல்கிறவனோடு அவர் ஊரில் கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ள மாட்டார்களாம்.

“ஸ்பானிஷ்ல இல்ல. இங்கிலீஷ்ல இல்ல. ஹிந்தியில இல்ல. எப்படித்தான் பேசுறாங்களோ” என்றார்.

“தமிழ்ல இருக்கு சார்” என்றேன். ஹிந்தியில் தேகா என்றால் பார்த்தது, சுனா என்றால் கேட்டது. “வந்தான்: தேகா. வந்தானாம்: சுனா.”

“ஆம்?”

“ஆம். தனியா சொன்னா ‘ஜி ஹான்’. வார்த்தையோட வால்ல ஒட்டுனா சுனா.”

சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்து அதை எழுதிக்கொண்டார். சிவாவிடம் போய், “அது உன் பேரு இல்லடா, நம்ம ‘ஆம்’டா” என்று சொன்னேன். அவனுக்குப் பாதிதான் புரிந்தது. ஆனாலும் அன்றிலிருந்து ஒழுங்காகச் சாப்பிட்டான்.

அவர் எங்களிடம் எப்போதும் கேட்கும் கேள்வி எங்கிருந்து வந்தது என்பதும் அன்றைக்குத்தான் விளங்கியது. கிளாம்ப் இறுக்கமா என்பார். இறுக்கம் சார் என்போம். உடனே, “தேகா யா சுனா?” பார்த்தாயா, கேட்டாயா? கேம்பில் அவருக்குப் பட்டப்பெயரே ‘தேகாசுனா’. சுனா என்று சொன்னால் கோபிக்க மாட்டார். ஏணியைத் திரும்பிப் பார்ப்பார், அவ்வளவுதான். நாம் போய் ஏற வேண்டும். பார்க்காமலே தேகா என்று சொன்னவனோடு ஒரு வாரம் பேச மாட்டார்.

இனி அந்த நாள்.

ஷட்டவுனின் எட்டாவது நாள். ஏழு மணிக்கு வேலை தொடங்கப் பெர்மிட் திறக்கும். அதற்குள் ஏழு சாரத்துக்கு டேக் எழுத வேண்டும். மமானி ஆலையின் அந்தக் கோடியில் இருந்தார். ஆறு சாரத்தை முறைப்படி பார்த்தேன். அடித்தட்டு மண்ணில் அழுத்தமாக உட்கார்ந்திருக்கிறதா, நிமிர் பைப்பு சாயாமல் நிற்கிறதா, ஒவ்வொரு கிளாம்பும் ‘ணங்’ சொல்கிறதா, பலகைகள் கட்டுக்கம்பியால் கட்டப்பட்டிருக்கின்றனவா, ஏணியின் தலை கட்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்தேன். ஏழாவது, ஒரு டேங்கைச் சுற்றி மூன்று தட்டு. ரெண்டு தட்டு ஏறினேன். மணி ஏழாக ஐந்து நிமிஷம். மூன்றாவது தட்டுக்கு ஏணியில் கை வைத்தபோது கீழேயிருந்து எங்கள் மேஸ்திரி, சார்ஜ்ஹேண்டு செல்லத்துரை கத்தினார்.

“அண்ணே, எறங்குங்க, டைம் ஆயிருச்சு! மேல எல்லாம் கட்டிட்டாங்களாம்!”

இறங்கினேன். பச்சை எழுதினேன். கையெழுத்துப் போட்டு மாட்டினேன்.

ஒரு மணி நேரம் போயிருக்கும். டேங்கின் மறுபக்கம் பைப்பு எண்ணிக்கொண்டிருந்தேன். பலகை விழும் சத்தம். பிறகு ஆள் விழும் சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தபோது சிவா கிடந்தான். தொடை எலும்பு மடங்கியிருந்தது. சேஃப்டி பெல்ட் இடுப்பில் இருந்தது. ஹூக் எதிலும் மாட்டாமல் பக்கத்தில் கிடந்தது.

மறுநாள் மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவன் முகம் வெளுத்திருந்தது.

“மேல கால் வச்சேண்ணே. பலகை அப்படியே திரும்புச்சு.”

“ஹூக்க கழட்டுனியா?”

“ஞாபகமே இல்லண்ணே. கழட்டுனேனா, மாட்டவே இல்லையா, ஒண்ணும் தெரியல. எல்லாரும் கழட்டுனேன்னு சொல்றாங்களாம்ல. கழட்டியிருப்பேன் போல. கையெழுத்து கேட்டா போட்டுறவா?”

“போடாத” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். அவன் போட்டால் என்ன ஆகும் என்று இருவருக்கும் தெரியும். சொந்தத் தப்பால் விழுந்தவன் என்று ஃபைலில் ஏறும். காலில் கம்பியோடு விமானம் ஏற்றிவிடுவார்கள். எந்தக் கம்பெனியும் மறுபடி எடுக்காது.

மூன்றாம் நாள் ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். எங்கள் காண்ட்ராக்டரின் புராஜெக்ட் என்ஜினீயர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கிளார்க் சேவியர், தூத்துக்குடிக்காரர். நான் தமிழில் சொல்ல, அவர் இங்கிலீஷில் டைப் அடிக்க வேண்டும். சுவரோரமாக மமானி நின்றுகொண்டிருந்தார்.

“அண்ணாச்சி, என்ன நடந்துச்சுன்னு ரெண்டு வரி சொல்லுங்க, போதும்” என்றார் சேவியர்.

சொன்னேன். “சத்தம் கேட்டு ஓடினேன். சிவா கெடந்தான். ஹூக்கக் கழட்டினானாம். பலகை திரும்புச்சாம்.”

டக் டக் என்று அடித்தார். என்ஜினீயர் படித்துப் பார்த்து, தலையை ஆட்டி, தாளை என் பக்கம் தள்ளினார். “உன் டேக் பச்சை. அவன் ஹூக்கைக் கழட்டினான். உனக்குப் பிரச்சினை இல்லை, எனக்குப் பிரச்சினை இல்லை. சைன் கரோ, கலாஸ்.” கையெழுத்துப் போடு, முடிந்தது என்கிறார்.

அவர் சொன்னது நிஜம். சிவா கழட்டினான் என்றால் யாரும் மூன்றாவது தட்டுக்கு ஏறிப் பார்க்கப் போவதில்லை. என் பச்சை அட்டையும் பிழைத்துக்கொள்ளும். பேனாவை எடுத்தேன். எடுத்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

மமானி அப்போது சுவரிலிருந்து நகர்ந்து வந்தார். “படி” என்றார். சேவியர் இங்கிலீஷைச் சத்தமாகப் படித்தார். மமானி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு தாளில் விரலை வைத்தார்.

“ஆம் கிதர்?”

சேவியருக்குப் புரியவில்லை. “என்ன கேக்காரு?”

“ஆம் எங்கேன்னு கேக்குறார்” என்றேன். “நான் கழட்டினானாம்-னு சொன்னேன். நீங்க கழட்டினான்-னு அடிச்சிருக்கீங்க.”

“அண்ணாச்சி, ‘ஆம்’க்கு இங்கிலீஷ்ல எதைப் போட? ரெண்டு எழுத்துல என்ன வந்துரப் போவுது?”

மமானி என் பக்கம் திரும்பினார். “ஹூக். தேகா யா சுனா?”

“சுனா.”

“யார் பார்த்தது?”

“யாரும் பாக்கல சார். எல்லாரும் சுனா.”

என்ஜினீயர் வாட்சைப் பார்த்தார். “வீ டோன்ட் ஹேவ் டைம்” என்றார். மமானி அவரைப் பார்க்கவே இல்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த கேள்வி வருவதற்கு முன்பே எனக்கு அது தெரிந்துவிட்டது.

“மூணாவது தட்டு. பலகை கட்டியிருந்தது. தேகா யா சுனா?”

சிவாவுக்காக நியாயம் கேட்கிறவனாக அதுவரை என்னை நினைத்துக்கொண்டிருந்தேன். கேள்வி அங்கிருந்து திரும்பி என் கையெழுத்தின் மேல் வந்து நின்றது. செல்லத்துரை கத்தியது காதில் அப்படியே இருந்தது. கட்டிட்டாங்களாம். அவர் பொய் சொல்லவில்லை. ஆம் போட்டுத்தான் சொன்னார். ஒரு கிளாம்பின் இளக்கத்தைச் சத்தத்தில் கண்டுபிடிக்கிறவன், அந்த ‘ஆம்’-ஐக் கேட்காமல் விட்டேன்.

வேலை போகும், ரெண்டு பெண் பிள்ளைகள் படிக்கிறார்கள், எல்லாம் ஒரே நொடியில் வந்து போனது. சிவாவின் முகமும் வந்தது. கழட்டியிருப்பேன் போல என்று அவனையே நம்பவைத்துவிட்டோமே.

“சுனா” என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. “ரெண்டு தட்டு தேகா. மூணாவது சுனா. பச்சை நான் எழுதினது தப்பு.”

என்ஜினீயர் எழுந்துவிட்டார். “பாகல் ஹே க்யா, பைத்தியமா? வேலை வேணுமா வேண்டாமா உனக்கு?”

“வேணும் சார்” என்றேன். “ஆனா இதுல சைன் போட மாட்டேன்.”

மமானி தலையில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வாசலைக் காட்டினார். “ஹிவசா” என்றார். அந்த வார்த்தையை முன்பே சொல்லித் தந்திருந்தார். நாங்கள் வேறு, நாம் வேறு என்று தமிழில் இருப்பதுபோல அவர்களுக்கும் உண்டு. ஹிவசா என்றால் நாம், நீயும் சேர்த்து.

இருவரும் போனோம். மூன்று நாளாகக் கயிறு கட்டி யாரும் தொடாமல் வைத்திருந்த சாரம். அவர் முன்னால் ஏறினார், நான் பின்னால். மூன்றாவது தட்டில் ஒரு பலகைகூடக் கட்டவில்லை. கட்டுக்கம்பிச் சுருள் மறுபக்கக் கைப்பிடிப் பைப்பில் பிரிக்காமல் தொங்கிக்கொண்டிருந்தது. ஏணியின் தலைக்குப் பக்கத்தில் ஹூக் மாட்டும் கைப்பிடியே போடப்படவில்லை. அங்கே கால் வைக்கிறவன் ஹூக்கைக் கழட்டினானா மாட்டினானா என்ற கேள்விக்கே இடமில்லை. மாட்ட ஒன்றும் இல்லை.

மமானி போட்டோ எடுத்தார். பிறகு என்னைப் பார்த்து, “இப்போ?” என்றார்.

“தேகா” என்றேன்.

ஆலைக்காரர்களிடம் அவரே போட்டோவைக் கொண்டுபோனார். சேவியர் மறுபடி அடித்தார். எனக்காக ஒவ்வொரு வரிக்கும் கீழே தமிழிலும் எழுதினார். ஆம் வந்த இடத்திலெல்லாம் இங்கிலீஷில் ‘நான் பார்க்கவில்லை, பிறர் சொன்னார்கள்’ என்று முழுசாகப் போட்டார். “அண்ணாச்சி, உங்க ரெண்டு எழுத்துக்கு எனக்கு ஒரு முழம் டைப்பிங்” என்று சலித்துக்கொண்டார். ஆனால் ஒன்றையும் விடவில்லை. அதில் கையெழுத்துப் போட்டேன்.

சிவா ஊருக்கு அனுப்பப்படவில்லை. கால் கூடும்வரை வைத்தியம் பார்த்தார்கள். பிறகு ஸ்டோரில் உட்கார்ந்து கிளாம்புக்கு எண்ணெய் போடும் வேலை கொடுத்தார்கள். என்ஜினீயரை வேறு புராஜெக்டுக்கு மாற்றிவிட்டார்களாம். எனக்கு வேலை போகவில்லை. ஆனால் மமானி என் டேக் பேனாவை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார். ஆறு மாதம் புதுசாக வந்தவர்களோடு சேர்ந்து பைப்பு தூக்கினேன். தோள் தோல் உரிந்தது. பரவாயில்லை என்று ஒரு வார்த்தை அவர் சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. ஆறாவது மாதம் முடிந்த காலையில், டீயின் முதல் மடக்கை மண்ணில் ஊற்றிவிட்டு, பேனாவை எடுத்து நீட்டினார். அதற்குப் பிறகு இத்தனை வருஷத்தில் நான் ஏறாத தட்டுக்கு நான் பச்சை எழுதியதில்லை. இதை ஆம் போடாமல் சொல்ல முடியும்.

காண்ட்ராக்ட் முடிந்து மமானி கிளம்பிய நாளில் கேட் வரை போனேன். அவர் கையைத் தோளுக்குப் பின்னால் வீசிக் காட்டினார். “பின்னாடி பாக்கலாம் சார்” என்றேன். ஊருக்குப் போய் உருளைக்கிழங்கு விவசாயம் பார்க்கிறாராம் என்று சேவியர் சொன்னார். சிலி நாட்டுச் சுரங்கத்தில் இருக்கிறாராம் என்று இன்னொருவர். ரெண்டையும் அந்த ஆமோடு அப்படியே வைத்திருக்கிறேன்.

சிவா இப்போது ஷார்ஜாவில் டேக் எழுதுகிறவன். லேசாக நொண்டுவான்; ஏணி ஏறும்போது அது தெரியாது. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே சைட்டிலிருந்து கூப்பிட்டான்.

“அண்ணே, புது ஆப் குடுத்துட்டாங்க. கீழ நின்னே அழுத்திரலாம்.”

“மேல தட்டு பாத்தியா?”

“பசங்க கட்டிட்டாங்களாம்.” அவனுக்கே கேட்டுவிட்டது. சிரித்தான். “அண்ணே, இதுல பச்சை, செவப்பு, ரெண்டே பட்டன்தான். ஆம்-க்குப் பட்டன் இல்ல.”

“அப்ப செவப்ப அழுத்து” என்றேன்.

போனை அணைக்காமல் பையில் போட்டுக்கொண்டான் போலிருக்கிறது. ஏணியில் பூட்ஸ் படும் சத்தம், ஒவ்வொரு படியாக, கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு உயரத்தில் எங்கோ ஸ்பேனரால் தட்டும் சத்தம். ணங்.